பாரிய மோட்டார் சைக்கிளில் காரின் ரயர்: தேய்வைக் குறைப்பதற்குக் கொடுக்கப்படும் விலை

அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் பாரிய மோட்டார் சைக்கிள்களில் தொலைதூரப் பயணங்களை மேற்கொள்வோரில் ஒரு பகுதியினரிடையே நீண்டகாலமாக விசித்திரமான பழக்கமொன்று நிலவி வருகின்றது. மோட்டார் சைக்கிளுக்கெனத் தயாரிக்கப்பட்ட, குறுக்குவெட்டில் வட்டமாக அமைந்த பின்சில்லு ரயரைக் கழற்றிவிட்டு, அதே விட்டத்தையுடைய காரின் ரயரை அதனிடத்தில் அவர்கள் பூட்டிக்கொள்கின்றனர். இதனைத் தங்களுக்குள்ளே வேடிக்கையாக 'இருண்ட பக்கத்துக்குப் போதல்' என்றும் அழைத்துக்கொள்கின்றனர். ரயர் உற்பத்தி நிறுவனங்கள் இதனை ஒருபோதும் செய்யக்கூடாதென எச்சரிக்கின்றன. பல திருத்துமிடங்கள் அத்தகைய வேலையைப் பொறுப்பேற்பதில்லை. அவ்வாறிருந்தும் இப்பழக்கம் அற்றுப் போகவில்லை. பல்லாயிரக்கணக்கான கிலோமீற்றர்களை இவ்வாறு ஓடி முடித்தவர்கள், தமக்கு எவ்வித விபத்தும் நேரவில்லையென்றும் எச்சரிக்கைகள் யாவும் வியாபார நோக்கிலானவையென்றும் வாதிடுகின்றனர்.

இவ்வாறு செய்பவர்கள் விபரமறியாதவர்களோ துடுக்குத்தனம் மிக்க இளைஞர்களோ அல்லர் என்பதை முதலிலேயே கூறிவிட வேண்டும். இவர்களிற் பெரும்பாலானோர் அனுபவம் வாய்ந்த, நடுத்தர வயதைக் கடந்த சாரதிகள். கணக்குப் பார்த்தே இதனைச் செய்கின்றனர். அக்கணக்கின் பெரும் பகுதி சரியானதே. அதில் சேர்க்கப்படாமல் விடப்படும் ஒரு தொகைதான் இங்கு ஆராயப்பட வேண்டியது.

இவ்விவாதத்தில் அடிக்கடி பேசப்படும் வண்டி ஹோண்டா நிறுவனத்தின் 'கோல்ட் விங்' ஆகும். 1975இல் 1000 சிசி வலுவுடைய வண்டியாகச் சந்தைக்கு வந்த இது, 2001ஆம் ஆண்டில் ஆறு சிலிண்டர்களையும் 1832 சிசி கொள்ளளவையும் கொண்ட வண்டியாக உருப்பெற்றது. எரிபொருள் நிரப்பப்படாத நிலையிலேயே அதன் நிறை 360 கிலோகிராமுக்கு மேற்பட்டது. இருவர் ஏறியமர்ந்து, பெட்டிகளிற் பொதிகளையும் ஏற்றினால் மொத்த நிறை ஏறக்குறைய 600 கிலோகிராமை நெருங்கிவிடும். 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ட்ரையம்ப் நிறுவனத்தின் 'ரொக்கட் 3' இன்னுமொரு உதாரணம். 2294 சிசி எஞ்ஜினைக் கொண்ட அவ்வண்டியின் பின் ரயரின் அகலம் 240 மில்லிமீற்றர். சிறிய கார் ஒன்றின் எஞ்ஜினை விஞ்சும் வலுவை ஒற்றைப் பின்சில்லினூடாக வீதிக்குச் செலுத்தும் வண்டிகள் இவை.

இத்தகைய வண்டியின் பின் ரயர் பொதுவாக 12,000 முதல் 20,000 கிலோமீற்றர் வரையே தாக்குப்பிடிக்கும். சாதாரண பாவனையாளருக்கு இது ஓரிரு ஆண்டுகளுக்குப் போதுமானது. ஆனால் அமெரிக்காவில் 'அயன் பட்' எனப்படும் தொலைதூர ஓட்டப் போட்டியொன்று இருக்கின்றது. 11 நாட்களில் 11,000 மைல், அதாவது சுமார் 17,700 கிலோமீற்றர் ஓடி முடிப்பது அதன் அளவுகோல். புதிய ரயருடன் புறப்பட்டவரும் இடைவழியில் ஏதேனுமொரு சிறுநகரில் ரயர் மாற்ற வேண்டிய நிலைக்குத் தள்ளப்படலாம். ஞாயிற்றுக்கிழமை மாலையில், அடுத்த கடை 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் பாலைநிலத்தில், பின் ரயரின் நடுப்பகுதியில் உள்நூல் தெரியத் தொடங்குவதைக் கண்டவருக்கு, 40,000 கிலோமீற்றருக்கு மேல் உழைக்கும் காரின் ரயர் ஒரு வரப்பிரசாதமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. விலையும் குறைவு. மோட்டார் சைக்கிளின் பின்சில்லைக் கழற்றிப் பூட்டும் கூலியும் இரண்டு மூன்று தடவைகளுக்கு மிச்சமாகின்றது.

இதற்கு மேலாக, பாரம் தாங்கும் திறன் பற்றிய வாதமும் உண்டு. மேற்கூறிய கோல்ட் விங் வண்டியின் பின் ரயர் 180/60 ஆர் 16 என்ற அளவுடையது. அதன் பக்கச்சுவரிற் பொறிக்கப்பட்டுள்ள 74 என்ற பாரச் சுட்டெண் 375 கிலோகிராமைக் குறிக்கும். அதற்குப் பதிலாகப் பலரும் பூட்டும் 195/55 ஆர் 16 கார் ரயரின் பாரச் சுட்டெண் 87. அது 545 கிலோகிராமைத் தாங்கவல்லது. காற்றுப் போனாலும் குறிப்பிட்ட தூரம் ஓடக்கூடிய, பக்கச்சுவர் தடித்த வகையைத் தெரிந்தெடுத்தால், நெடுஞ்சாலையில் திடீரெனக் காற்றுப்போய்த் தடுமாறும் அபாயமும் குறைகின்றது. இவையெல்லாம் உண்மையான அனுகூலங்களே. ஆயின், காரின் ரயர் ஏன் இவ்வளவு காலம் உழைக்கின்றது என்ற கேள்வியை எழுப்பும்போதுதான் விடயத்தின் மறுபக்கம் தெரியவரும். அதற்கு ரயர் தேய்வது எவ்வாறு என்பதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஓடும் ரயரில் ஒரு சிறு பகுதியே எந்தக் கணத்திலும் வீதியைத் தொட்டுக்கொண்டிருக்கின்றது. அதன் பரப்பைக் கணக்கிடுவது எளிது. பின்சில்லின் மீது 350 கிலோகிராம் பாரம் இருப்பதாகவும், ரயரினுள் சதுர அங்குலத்துக்கு 41 இறாத்தல் அமுக்கம் இருப்பதாகவும் கொண்டால், பாரத்தை அமுக்கத்தால் வகுக்கக் கிடைப்பது ஏறக்குறைய 120 சதுர சென்ரிமீற்றர். அதாவது ஒரு மனிதரின் உள்ளங்கை அளவு. வண்டியை முன்னோக்கித் தள்ளும் விசை, அதனை நிறுத்தும் விசையின் ஒரு பங்கு, வளைவில் வெளியே வீசப்படாமற் காக்கும் விசை ஆகிய அனைத்தும் இந்த உள்ளங்கையினூடாகவே செல்ல வேண்டும்.

இறப்பர் வீதியைப் பற்றிக்கொள்வது இரண்டு வழிகளில். ஒன்று, அதன் மூலக்கூறுகள் வீதிப் பரப்புடன் கணநேரம் ஒட்டிப் பிரிவது. மற்றையது, வீதியிலுள்ள சல்லிக் கற்களின் மேடுபள்ளங்களுக்கேற்ப இறப்பர் அமுங்கி, உடனடியாகப் பழைய நிலைக்குத் திரும்பாமற் சற்றுத் தாமதித்து மீள்வது. இத்தாமதத்தில் இழக்கப்படும் சக்தியே வெப்பமாகவும் பிடிமானமாகவும் வெளிப்படுகின்றது. இங்கு கவனிக்க வேண்டியது, விசையைக் கடத்தும் ரயர் எதுவும் முற்றாக வழுக்காமல் உருளுவதில்லை என்பதாகும். எஞ்ஜின் பின்சில்லைச் சுழற்றும்போது அச்சில்லு வண்டியின் வேகத்தைவிடச் சிறிதளவு கூடுதலாகவே சுழல்கின்றது. தொடுகைப் பரப்பின் முற்பகுதியில் பதியும் இறப்பர், பிற்பகுதியை அடையும்போது இழுபட்டு, வீதியிலிருந்து விடுபடும் தறுவாயில் நுண்ணிய அளவில் உரசிக்கொண்டு நழுவுகின்றது. தேய்வு நிகழ்வது பெரும்பாலும் இந்த நழுவலின்போதுதான்.

இங்கிலாந்தில் இறப்பர் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த அடோல்ஃப் சலமாக் என்ற விஞ்ஞானி 1950களில் இதனை நுணுகி ஆராய்ந்தார். தேயும் இறப்பரின் மீது, கடற்கரை மணலிற் காற்று வரையும் வரிகளைப் போன்ற நுண்ணிய மடிப்புகள் நழுவும் திசைக்குக் குறுக்காக உருவாகின்றன என்பதை அவர் காட்டினார். மடிப்புகளின் நுனிகள் மீண்டும் மீண்டும் இழுபட்டுக் களைப்படைந்து துணுக்குகளாகப் பிய்ந்து போகின்றன. மென்மையான இறப்பர் கடினமான பரப்பின் மீது வழுக்கும்போது, கம்பளத்தில் எழும் சுருக்கம் நகர்வதைப் போன்று, ஒட்டு விட்ட அலைகள் அதனூடே ஓடுகின்றன என்பதையும் அவர் 1971இல் வெளியிட்டார்.

இதிலிருந்து சாரதிகளுக்குப் பயன்படும் ஓர் உண்மை கிடைக்கின்றது. ரயர் கடத்தும் விசை கூடும்போது நழுவலும் அதே விகிதத்திற் கூடுகின்றது. விசையும் நழுவலும் சேர்ந்தே உரசற் சக்தியைத் தீர்மானிப்பதால், விசை இரு மடங்கானால் தேய்வு ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே நிதானமாகப் புறப்பட்டு நிதானமாக நிறுத்துபவரின் ரயர் இரட்டிப்பு நாட்கள் உழைப்பதில் மர்மம் எதுவுமில்லை. காற்றைக் கிழித்துக்கொண்டு மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில் நாள் முழுவதும் ஓடும் கனத்த வண்டியின் பின்சில்லு, நேர்வீதியிலும் இடைவிடாது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது. காரில் இருப்பது போன்று இச்சுமையைப் பகிர்ந்துகொள்ள அருகில் இன்னொரு சில்லு இல்லை.

அடுத்தது இறப்பர்க் கலவை. இலங்கை வாசகர்களுக்கு இறப்பர் அந்நியமான பொருளன்று. 1876இல் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து ஹெனரத்கொடைக்குக் கொண்டுவரப்பட்ட நாற்றுகளோடு ஆரம்பித்த கதை அது. ஆனால் இன்றைய காரின் ரயரில் வீதியைத் தொடும் மேற்பட்டை பெரும்பாலும் செயற்கை இறப்பரால் ஆனது. ஓடும்போது குறைவாகச் சூடேறும் இயற்கை இறப்பர், லொறிகளினதும் விமானங்களினதும் ரயர்களிலேயே கூடிய பங்கை வகிக்கின்றது. ஆதியில் ரயர்கள் வெளிறிய நிறமுடையவையாகவே இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காபன் கரியைக் கலந்தால் அவற்றின் ஆயுள் பல மடங்கு கூடுமென்பது கண்டறியப்பட்ட பின்னரே கறுப்பு நிறம் நிலைபெற்றது. 1990களிலிருந்து சிலிக்காவும் பரவலாகச் சேர்க்கப்பட்டு வருகின்றது. இத்தனை முன்னேற்றங்களுக்குப் பின்னரும் ஓர் அடிப்படை இழுபறி நீங்கவில்லை. பிடிமானம், ஆயுள், உருளும்போது சக்தி விரயமாகாமை ஆகிய மூன்றில் ஒன்றைக் கூட்டினால் மற்றவற்றில் ஏதோவொன்று விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கின்றது. மோட்டார் சைக்கிள் ரயரின் கலவை விரைவாகத் தேய்வது உற்பத்தியாளரின் கஞ்சத்தனத்தினாலன்று. உள்ளங்கையளவு பரப்பில், சாய்ந்த நிலையில், குளிர்ந்த வீதியிலும் பற்றிக்கொள்ள வேண்டுமென்பதற்காக அவர்கள் தெரிந்தே ஆயுளை விட்டுக்கொடுத்திருக்கின்றனர்.

இந்த இழுபறியைச் சமாளிப்பதற்காகவே நடுவிற் கடினமான கலவையையும் இரு ஓரங்களில் மென்மையான கலவையையும் கொண்ட ரயர்கள் உருவாக்கப்பட்டன. அப்படியிருந்தும், நேர்நெடுஞ்சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிளின் பின் ரயர் நடுவிலேயே முதலிற் தேய்கின்றது. வட்டமாக இருந்த முதுகு தட்டையாகிவிடும். அத்தகைய ரயருடன் வளைவிற் சாயும்போது, தட்டைப் பகுதியின் விளிம்பைத் தாண்டும் தருணத்தில் வண்டி ஒரு படியிலிருந்து இறங்குவது போன்று சட்டென விழுவதை ஓட்டுபவர் உணர்வார். இதனைச் சுட்டிக்காட்டி, 'பாதி தேய்ந்த மோட்டார் சைக்கிள் ரயருக்கும் எங்கள் கார் ரயருக்கும் என்ன வித்தியாசம்?' என்று கேட்கின்றனர் 'இருண்ட பக்க'த்தினர். சாமர்த்தியமான கேள்விதான். ஆனால் தட்டையாகிப்போன ரயர் மாற்றப்பட வேண்டியது என்பதே அதற்கான பதில். கார் ரயரோ முதல் நாளிலிருந்தே தட்டையானது.

தட்டையாக இருப்பதால் என்ன கெடுதி? மோட்டார் சைக்கிள் வளைவிற் திரும்பும் விதத்திலேயே அதற்கான விடை இருக்கின்றது. கார் நிமிர்ந்தபடி திரும்புகின்றது. மோட்டார் சைக்கிள் சாய்ந்தே திரும்ப வேண்டும். 50 மீற்றர் ஆரையுடைய வளைவை மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் கடக்க ஏறக்குறைய 30 பாகை சாய வேண்டும். அதே வளைவில் வேகம் 80 கிலோமீற்றராகுமானால் தேவைப்படும் சாய்வு 45 பாகையாகிவிடும். கோல்ட் விங் போன்ற வண்டிகளிற் கால் வைக்கும் தாங்கிகள் அதற்கு முன்னரே வீதியில் உரசத் தொடங்கிவிடும். வேகம் மூன்றிலொரு பங்கு கூடியதற்கு இவ்வளவு வித்தியாசம் என்பதை மனதிற் கொள்ள வேண்டும்.

சாய்ந்த நாணயமொன்றை மேசையில் உருட்டிவிட்டால் அது சாய்ந்த பக்கமாகவே வளைந்து செல்வதைச் சிறுவர்களும் அறிவர். வட்ட முதுகுடைய ரயரும் அவ்வாறே. சாயும்போது அது ஒரு கூம்பின் துண்டைப் போன்று உருண்டு, வளைவின் உட்பக்கமாகத் தானாகவே வண்டியைத் தள்ளுகின்றது. பெரும் வழுக்கல் இன்றியே பக்கவாட்டு விசை கிடைப்பது இதன் சிறப்பு. எந்தச் சாய்வுக் கோணத்திலும் தொடுகைப் பரப்பின் வடிவம் பெரிதாக மாறாதிருக்கும் வகையிலேயே அந்த வட்டம் வரையப்பட்டிருக்கின்றது. மேற்பட்டை பக்கவாட்டில் நெடுந்தூரம் கீழிறங்கியிருப்பதும் அதற்காகவே.

கார் ரயரின் நிலை இதற்கு மாறானது. அதன் மேற்பட்டை தட்டையாக வீதியிற் படிந்திருப்பதற்காக அமைக்கப்பட்டது. அது சாயும்போது ஓர் ஓரம் வீதியை விட்டு எழும்பப் பார்க்கின்றது. மறு ஓரத்தின் மீது பாரம் குவிகின்றது. பக்கச்சுவர் வளைந்து கொடுப்பதால் தட்டைப் பகுதியின் ஒரு பங்கு வீதியை விடாமற் பற்றிக்கொண்டிருக்கும் என்பது உண்மை. இவ்வண்டிகளைப் பின்னாலிருந்து பார்க்கும்போது அதனைக் கண்ணாலேயே காணலாம். ஆனால் அந்த வளைவு, ரயரை வடிவமைத்தவர் எதிர்பார்த்த திசையிலானதன்று. தொடுகைப் பரப்பு நடுவிலிருந்து ஓரத்துக்கு வெகுதூரம் நகர்ந்துவிடுவதால் வண்டியை நிமிர்த்த முயலும் ஒரு முறுக்கம் உருவாகின்றது. இதனால் வளைவு முடியும்வரை கைபிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது. வீதி நீளவாட்டில் பள்ளம் விழுந்திருந்தால் பின்சில்லு அப்பள்ளத்தின் சொற்படி கேட்கத் தொடங்குகின்றது. இதற்கு ஓரிரு நாட்களிற் பழகிவிடலாமென்று அவ்வாறு ஓட்டுபவர்கள் கூறுகின்றனர். பழகிவிடலாம் என்பதும் உண்மையே. ஆனால் பழக்கம் என்பது எதிர்பார்த்த வளைவுகளுக்கு உதவுவது. வளைவின் நடுவே குறுக்கிடும் மானுக்கோ சிந்திக்கிடக்கும் மண்ணெண்ணெய்க்கோ அது உதவுமா என்பதே கேள்வி.

ரயரும் றிம்மும் சந்திக்கும் இடம் இன்னொரு பிரச்சினை. ரயரின் உள் விளிம்பில் உருக்குக் கம்பி பொதிந்த வளையம் உண்டு. அது றிம்மின் மேடையிற் கச்சிதமாகப் பதிந்தாலன்றிக் காற்று நிற்காது. வலுவான திருப்பத்தின்போது ரயர் இடம்பெயராமலும் இராது. கார் றிம்மும் மோட்டார் சைக்கிள் றிம்மும் 16 அங்குலம் என்ற ஒரே பெயரைத் தாங்கியிருந்தாலும், அம்மேடையின் வடிவமும் விளிம்பின் வளைவும் வெவ்வேறு நியமங்களின்படி அமைந்தவை. சில கார் ரயர்களை இத்தகைய றிம்மிற் பதிய வைப்பதற்கு வழமையைவிடக் கூடிய அமுக்கம் தேவைப்படுவதாக அதனைச் செய்தவர்களே கூறுகின்றனர். அவ்வேளையிற் கம்பி வளையம் அறுந்து வெடிக்குமானால் அருகில் நிற்பவருக்கு உயிராபத்தே நேரிடலாம். ஐக்கிய நாடுகளின் வாகன விதிமுறைகளில் கார் ரயர்கள் 30ஆம் இலக்க விதியின் கீழும், மோட்டார் சைக்கிள் ரயர்கள் 75ஆம் இலக்க விதியின் கீழும் தனித்தனியே சோதிக்கப்படுவது வெறும் அலுவலக ஒழுங்கன்று. ஒன்றுக்கான சோதனையிற் தேறியது மற்றதற்குத் தேறியதாகாது.

கார் ரயரின் பக்கச்சுவரில் அமெரிக்காவிற் பொறிக்கப்படும் தேய்வுத் தர எண்ணும் இவ்வகையிற் தவறாக வாசிக்கப்படுகின்றது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் ஆஞ்ஜெலோ நகரைச் சுற்றியுள்ள பொதுவீதிகளில் 640 கிலோமீற்றர் நீளமான பாதையொன்றிற் கார்களை அணியாக ஓடவிட்டு, மொத்தம் 11,500 கிலோமீற்றர் ஓடிய பின் தேய்வை அளந்து, ஒப்பீட்டுக்கான ரயர் ஒன்றுடன் பார்த்து வழங்கப்படும் எண் அது. 500 என்று பொறித்த ரயர் 100 என்று பொறித்ததைவிட அச்சோதனையில் ஐந்து மடங்கு மெதுவாகத் தேய்ந்தது என்பதே அதன் பொருள். நான்கு சில்லுகளில், நிமிர்ந்த நிலையில், கார் ஒன்றின் கீழ். மோட்டார் சைக்கிள் ரயர்களுக்கு இத்தகைய தர எண் வழங்கப்படுவதேயில்லை. ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட எண் எதுவும் கிடையாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் அனுபவமே. இலட்சக்கணக்கான கிலோமீற்றர்கள் ஓடியிருக்கின்றோம், ஒருவரும் விழவில்லையே என்கின்றனர். இதனை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. இவ்வண்டிகள் ஓடும் தூரத்தின் பெரும்பகுதி நேர்வீதியிலானது. அங்கு தட்டையான ரயர் நன்றாகவே ஓடுகின்றது. சில வேளைகளில் மேலாகவும் ஓடுகின்றது. சாதாரண வளைவுகளில் 20 பாகைக்கு மேற் சாயத் தேவையில்லை. ஆனால் விழாதவர்களின் சாட்சியம் மட்டுமே திரட்டப்படும் இடத்தில், விழுந்தவர்களின் கணக்கு யாரிடம் இருக்கின்றது? நல்ல ரயருக்கும் போதாத ரயருக்கும் இடையிலான வேறுபாடு 40,000 கிலோமீற்றரில் இரண்டு விநாடிகள் மட்டும் தேவைப்படக்கூடியது. அந்த இரண்டு விநாடிகள் வராமலே போனவருக்கு எந்த ரயரும் நல்ல ரயர்தான். சராசரித் தேய்வை அனுபவத்தால் அளந்துவிடலாம். எல்லைநிலைப் பிடிமானத்தைச் சோதனைக்களத்தில் மட்டுமே அளக்க முடியும். அச்சோதனையை இச்சேர்க்கைக்கு எந்த உற்பத்தியாளரும் பொறுப்பேற்றுச் செய்து சான்றளிக்கவில்லை என்பதே இதிலுள்ள முக்கியமான ஓட்டை.

மழை வீதியைப் பற்றி இரு தரப்பும் பேசுகின்றன. கார் ரயரில் ஆழமான நீளவாட்டுத் தவாளிப்புகள் இருப்பதால் நீரை நன்கு வெளியேற்றும் என்பது ஆதரவாளர் கூற்று. அதில் நியாயமுண்டு. ஆயினும் வட்ட முதுகு நீரைப் படகின் முனை போன்று இரு பக்கமும் பிளந்து தள்ள, தட்டையான அகன்ற முகம் நீரின் மீது ஏறப்பார்க்கும். அத்துடன், நீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் ரயர் அமுக்கத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது 1960களில் நாசா நிறுவனம் விமானச் சில்லுகளில் நடத்திய ஆய்வுகளில் வெளிப்பட்டது. சொகுசுக்காக 41 இறாத்தலிலிருந்து 30 இறாத்தலுக்குக் காற்றைக் குறைத்துக்கொள்பவர், அக்கணக்கின்படி அவ்வேகத்தை ஏறத்தாழ ஏழிலொரு பங்காற் குறைத்துக்கொள்கின்றார்.

காரின் ரயர் மோட்டார் சைக்கிளுக்கு எக்காலத்திலும் ஆகாது என்று இதிலிருந்து முடிவு செய்வதும் பிழையாகும். பக்கத்தில் பெட்டி பூட்டப்பட்ட மோட்டார் சைக்கிள் சாய்வதில்லை. நமது முச்சக்கரவண்டியைப் போன்று அதுவும் நிமிர்ந்தபடியே திரும்புகின்றது. அதில் வட்ட முதுகின் நடுப்பகுதி மட்டுமே தேய்ந்து வீணாகுமாதலால், தகுந்த றிம்முடன் காரின் ரயரைப் பூட்டுவது ஐரோப்பாவில் நெடுங்காலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட முறையாகும். ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 2009இல் வெளியிட்ட 'ட்ரை கிளைட்' முச்சில்லு வண்டியின் பின்சில்லுகளில் 205/65 ஆர் 15 அளவுடைய கார் வகை ரயர்களே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. சாய்வதா, சாயாததா என்பதே எல்லைக்கோடு.

சட்டநிலை நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. ஜேர்மனியில் வண்டியின் அனுமதிப் பத்திரத்துடன் ரயரின் வகையும் பிணைக்கப்பட்டிருப்பதால், அங்கீகரிக்கப்படாத ரயரைப் பூட்டினால் வீதியில் ஓடும் உரிமையே அற்றுப்போகலாம். அமெரிக்காவில் உரிமையாளர் தமது வண்டியில் எதனைப் பூட்டுகின்றார் என்பதில் இத்தகைய இறுக்கம் இல்லை. அதனாலேயே இப்பழக்கம் அங்கு வேரூன்றியது. எனினும் விபத்தின் பின்னர் காப்புறுதி நிறுவனமோ எதிர்த்தரப்புச் சட்டத்தரணியோ பின்சில்லைப் பார்த்துக் கேள்வி எழுப்பினால், உற்பத்தியாளரின் எழுத்துமூல எச்சரிக்கையை மீறியவர் என்ற நிலையிலேயே உரிமையாளர் பதிலளிக்க வேண்டியிருக்கும்.

தேய்ந்து போகும் இறப்பர் எங்கு செல்கின்றது என்ற கேள்வியும் அண்மைக்காலத்தில் எழுந்துள்ளது. ரயர் வெடிக்காமலிருக்கச் சேர்க்கப்படும் இரசாயனமொன்று காற்றிலுள்ள ஓசோனுடன் சேர்ந்து மாற்றமடைந்து, மழைநீரோடு ஓடைகளை அடைந்து ஒருவகை சால்மன் மீன்களைக் கொல்வதை அமெரிக்காவின் வொஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் 2020இல் வெளிப்படுத்தினர். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஏற்றுக்கொண்ட 'யூரோ 7' விதிகளில் முதற்தடவையாக ரயர் தேய்வுக்கும் வரையறை விதிக்க ஏற்பாடு செய்யப்பட்டிருக்கின்றது. மெதுவாகத் தேயும் ரயரை விரும்புவோருக்கு இது இன்னொரு வாதம் என்பதை மறுப்பதற்கில்லை.

மோட்டார் சைக்கிளுக்குரிய ரயரைக் கொண்டே ஆயுளை நீட்டிக்கொள்ள வழிகளுண்டு. ரயர் குளிர்ந்திருக்கும்போது, பயணத்துக்கு முன்னர், அமுக்கத்தை அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய பின் அளந்து, கூடியிருப்பதாக எண்ணிக் காற்றைத் திறந்துவிடுவது பலரும் செய்யும் தவறு. காற்றுக் குறைந்த ரயர் கூடுதலாக நெளிந்து, கூடுதலாகச் சூடேறி, விரைந்து தேயும். பாரம் கூடிய நாளில் உற்பத்தியாளர் குறித்த உயர் அளவுக்கு நிரப்ப வேண்டும். கடும் வெயிலில் தொடர்ச்சியாக ஓடுவதைத் தவிர்த்து வேகத்தைச் சற்றுக் குறைத்தால், மேலே கூறிய நான்கு மடங்குக் கணக்கு இம்முறை சாரதியின் பக்கம் வேலை செய்யும். பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்களையும் பார்த்துக்கொள்வது நன்று. முதலிரண்டும் தயாரிக்கப்பட்ட வாரத்தையும் பின்னிரண்டும் ஆண்டையும் குறிப்பன. ஓடாமல் நின்ற ரயரும் காலப்போக்கில் இறுகிவிடும். தவாளிப்பு ஆழமாகத் தோன்றினாலும் பிடிமானம் போயிருக்கும்.

தேய்வின் எல்லையைக் காட்டுவதற்காகத் தவாளிப்புகளின் அடியில் சிறு மேடுகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்க விதிகளின்படி கார் ரயரில் அவை 1.6 மில்லிமீற்றர் உயரமும், மோட்டார் சைக்கிள் ரயரில் 0.8 மில்லிமீற்றர் உயரமும் உடையன. மேற்பட்டை அம்மேடுகளின் மட்டத்துக்கு இறங்கியதும் ரயரை மாற்றிவிட வேண்டும். கார் ரயரைப் பூட்டியவர் இதிலும் ஏமாறக்கூடும். அம்மேடுகள் நடுப்பகுதியிலுள்ள பிரதான தவாளிப்புகளிலேயே இருக்கின்றன. மலைப்பாதைகளில் அடிக்கடி சாய்ந்து ஓடும் வண்டியிலோ தேய்வது தோள் விளிம்பு. நடுவிலுள்ள மேடுகள் இன்னும் பாதி ஆயுள் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் உள்நூல் வெளிப்பட்டிருக்கலாம். வண்டியை நிறுத்தித் தரையோடு குனிந்து, சில்லை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இரு ஓரங்களையும் விரலாற் தடவிப் பார்த்தாலன்றி அது தெரியவராது.